பொண்ணுக்கு குரோமோசோம் டெஸ்ட் கேட்டவர்களுக்கு



ரிட்டயர் ஆன பிறகு இந்தப் பக்கத்தில் நான் அதிகம் போடுவது காலை வணக்கமும், மழை நாளில் கிளியூர் அருவி போட்டோவும், உங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும்தான். இன்றைக்குக் கொஞ்சம் கோபமாக எழுதப் போகிறேன். நீளமாகவும் இருக்கும். வகுப்பில் நான் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் கிளியூரில் ஒரு பெண். அவள் அம்மா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். பெண் பி.காம் முடித்து, சேலத்துக்கு தினமும் பஸ்ஸில் இறங்கி வேலைக்குப் போய் வருகிறாள். என் கொழுந்தனார் மகனுக்கு அந்தப் பெண்ணை நான்தான் சொன்னேன். ஜாதகம் பொருந்தியது. பெண் பார்த்தாயிற்று. பூ வைக்க நாள் பார்க்கும்போது, பெண்ணின் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவனுக்கு 19 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. யாரும் மறைக்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்று எல்லோருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான்.

மூன்று நாள் கழித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொழுந்தனார் போட்டார்: "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அவங்க குடும்பத்துல குறை இருக்கு. பொண்ணுக்கு குரோமோசோம் டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்." அதற்குக் கீழே பதினோரு பேர் கைகூப்பி எமோஜி போட்டிருந்தார்கள். அதில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள்.

பெண் வீட்டில் பையன் குழந்தையாக இருந்தபோது எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பதினெட்டு வருடம் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த காகிதம். கேரியோடைப் பரிசோதனை. 47 குரோமோசோம், 21-வது ஒன்று கூடுதல், தனியாக நிற்கும் வகை, பரம்பரை அல்ல என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் அதைப் படம் எடுத்துக் குழுவில் போடவில்லை, அது அந்தக் குடும்பத்தின் காகிதம். கொழுந்தனார் வீட்டுக்கு நேரே போய்க் கையில் கொடுத்துப் படித்தும் காட்டினேன். "சரிங்க அண்ணி" என்றார்கள். போன வாரம் செய்தி வந்தது. சம்பந்தம் வேண்டாமாம். பையனுக்கு அவன் சொந்த அக்கா மகளையே பேசி முடித்துவிட்டார்களாம். "வெளியில போயி தெரியாத ரத்தத்தைக் கொண்டாறதுக்கு, நம்ம ரத்தம் நமக்கு நல்லது."

இதைப் படித்துவிட்டு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. கோபத்தில் இல்லை, கணக்கு தப்பாகப் போட்ட நோட்டைப் பார்க்கும்போது வருகிற எரிச்சலில். பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்திருக்கிறார்கள். யோசிக்க வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை. ஆனால் எழுதியதை என்னிடம் படித்து இப்போது மருத்துவராக இருக்கும் பிள்ளை ஒருத்தியிடம் காட்டித் திருத்தி வாங்கித்தான் போடுகிறேன். இதெல்லாம் உங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், மரபியல் பாடத்தில் வருகிற சமாச்சாரம்தான். மார்க் வாங்கினீர்கள். பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டீர்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 46 குரோமோசோம். 23 அம்மாவிடமிருந்து, 23 அப்பாவிடமிருந்து. இந்த 46 என்கிற எண்ணே 1956-ல்தான் சரியாகத் தெரிந்தது. அதுவரை முப்பது வருடத்துக்கும் மேலாக விஞ்ஞானிகளே 48 என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனில் வேலை பார்த்த ஜோ ஹின் சியோ என்கிறவரும் ஆல்பர்ட் லெவானும் சேர்ந்து திருத்தினார்கள். பெரிய பெரிய புரொபசர்களே மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தப்பாக எண்ணியிருக்கிறார்கள் என்றால், என் கொழுந்தனார் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தே எண்ணிவிடுகிறார்.

முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இந்த ஜோடிகள் பிரிந்து ஆளுக்கு ஒன்றாகப் போக வேண்டும். சில நேரம் பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். சத்துணவில் முட்டை வைக்கிற நாளில் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, தட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வரும்போது அவசரத்தில் ஒரு தட்டில் இரண்டு விழுந்துவிடும். அப்படித்தான். 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகிவிட்டால் அது டவுன் சிண்ட்ரோம். 18-வது, 13-வது மூன்றானால் அவை வேறு, மிகக் கடுமையானவை, பெரும்பாலான குழந்தைகள் ஒரு வருடம் தாண்டுவதில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு இப்படித் தற்செயலாக வந்த கூடுதல் குரோமோசோம்தான் காரணம். அது அக்காள் தங்கைக்கு ஒட்டிக்கொள்ளாது. அந்த அக்காளுக்கு அப்படி ஒரு பிள்ளை பிறக்கிற வாய்ப்பு, தெருவில் போகிற வேறு எந்தப் பெண்ணுக்கும் இருக்கிற அதே வாய்ப்புதான். நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்த 21-வது துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வகையில் சில குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோ தெரியாமல் அதைத் தாங்கியிருப்பார்கள். அப்போது கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது. எந்த வகை என்று கண்டுபிடிக்கத்தான் கேரியோடைப் எடுப்பது. அதைத்தான் அந்த வீட்டார் பதினெட்டு வருடத்துக்கு முன்பே எடுத்து, உறையில் போட்டு வைத்திருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிக் கையில் கொடுத்தும் முட்டை மார்க் போட்டுவிட்டீர்கள், தம்பி.

இப்போது அந்தப் பக்கம் வாருங்கள். தாய்மாமனும் அக்கா மகளும் தங்கள் மரபணுக்களில் நாலில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் தூங்கிக்கொண்டிருக்கும் கெட்ட மரபணு ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். ஒன்று கெட்டாலும் ஜோடியில் இன்னொன்று நன்றாக இருப்பதால் நமக்குத் தெரியாது. அதே கெட்ட மரபணு அப்பா பக்கமும் அம்மா பக்கமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டும் கெட்டதாகவே வந்து சேரும். தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை, சில வகைக் காது கேளாமை, பல வளர்சிதைமாற்ற நோய்கள் எல்லாம் இப்படி வருகிறவை. கட்டிக்கொள்கிற இரண்டு பேரும் ஒரே பாட்டியின் மரபணுவை வைத்திருந்தால் அந்தச் சந்திப்புக்கு வழி அகலமாகிறது.

கவனியுங்கள், "நாலில் ஒன்று" என்றால் முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குக் கவலை இல்லை என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுண்டுகிற காசு. முன்னால் என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்காது. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே காபிக் கொட்டையும் மிளகும் வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பெரியவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம்.

"எங்க தாத்தா அக்கா மகளைத்தான் கட்டினாரு, நாங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்கோம்" என்று கமெண்ட் வரும். எனக்குத் தெரியும். உண்மைதான், இருப்பீர்கள். சொந்தமே இல்லாத தம்பதிக்குப் பிறக்கிற நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேர் பிறவிக் கோளாறோடு பிறக்கிறார்கள். அத்தை மகன் மாமன் மகள் கட்டினால் அது நாலு முதல் ஆறு வரை ஆகலாம். தாய்மாமன் கட்டினால் அதற்கும் கொஞ்சம் மேலே. அப்படியும் தொண்ணூறுக்கு மேல் பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கும். அந்தத் தொண்ணூறில் நீங்கள் இருக்கிறீர்கள், சந்தோஷம். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் கைகூப்பி போட இல்லை. சிலர் ஒரு வயதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பேர் வைப்பதற்கு முன்பே. நம் வீடுகளில் "ரெண்டு தங்கலை" என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? ஏன் தங்கவில்லை என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

முறைப்பெண் கட்டுகிறவர்களையெல்லாம் நான் திட்டவில்லை. தமிழ்நாட்டில் நடக்கிற கல்யாணங்களில் கால் பங்குக்கு மேல் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது. நகை, நிலம், வயதான காலத்தில் பார்த்துக்கொள்கிற மருமகள் என்று அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. என் சொந்த அண்ணனே மாமன் மகளைத்தான் கட்டினான், நன்றாக வாழ்ந்தார்கள். நான் கேட்பது ஒன்றுதான். வெளியிலிருந்து வருகிற பெண்ணிடம் டெஸ்ட் கேட்ட வாய், சொந்த அக்கா மகளுக்கும் மகனுக்கும் ஏன் கேட்கவில்லை? கேட்க வேண்டியது அங்கேதானே? ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கிற ஒரு ரத்தப் பரிசோதனை, எச்.பி.எல்.சி. என்பார்கள், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் எடுத்தால் தலசீமியாவும் அரிவாள் செல்லும் தாங்குகிறவர்களா என்று தெரிந்துவிடும். மற்றவற்றுக்கு மரபியல் ஆலோசனை சொல்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். மலைப்பகுதியில் இருக்கிற நமக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானதே 1952-ல் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். 2023 ஜூலையிலிருந்து மத்திய அரசு இதற்கென்றே தனி இயக்கம் நடத்துகிறது, 2047-க்குள் ஒழிக்க வேண்டும் என்று. மலைக் கிராமத்துக்கு ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தால் காபித் தோட்டத்துக்குள் ஓடி ஒளியாதீர்கள்.

அடுத்து, இதைவிட என்னை அதிகம் எரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஏன் எப்போதும் பெண்ணிடம் மட்டும்?

டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பிறந்தால் அம்மாவைக் கேட்கிறீர்கள். கிரகணத்தில் வெளியே வந்தாளா, பப்பாளி சாப்பிட்டாளா, யாரையாவது கேலி செய்தாளா. கரு கலைந்தால் அதற்கும் அவள்தான். எங்கள் ஏற்காட்டுப் பெண்கள் எத்தனை பேர் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்: "இருபது கொண்டை ஊசி வளைவு பஸ்ஸுல இறங்கினா கலையாம என்ன செய்யும்?" ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கை தப்பாக அமைந்ததுதான். அந்தக் கரு பஸ் ஏறுவதற்கு முன்பே, ஏன், அவளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிவதற்கு முன்பே அப்படி அமைந்துவிட்டது. மலையில் ரோடு போட்டவன் மேலும் தப்பில்லை, டிரைவர் மேலும் தப்பில்லை.

"டீச்சர், அந்தக் கூடுதல் 21 பெரும்பாலும் அம்மாவிடமிருந்துதானே வருகிறது?" என்று படித்த பிள்ளைகள் கேட்பீர்கள். ஆமாம், பத்தில் ஒன்பது தடவை முட்டையிலிருந்துதான். மறைக்கவில்லை. வயது ஏற ஏற வாய்ப்பும் கூடுகிறது, நாற்பது வயதில் பிரசவம் என்றால் நூற்றில் ஒன்று. ஆனால் அந்த முட்டை எப்போது உருவானது தெரியுமா? அந்த அம்மா தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது. அங்கேயே பிரிய ஆரம்பித்து, பாதியில் நின்று, இருபது முப்பது வருடம் காத்துக்கிடந்து, பிறகு முடிக்கிறது. இதில் அவள் செய்தது என்ன, செய்யாதது என்ன? பப்பாளிக்கு இங்கே என்ன வேலை? அப்படியே குற்றவாளி தேடித்தான் ஆக வேண்டுமென்றால் பாட்டியிடம் போங்கள், பிறகு பாட்டியின் பாட்டியிடம் போங்கள். வயதான தாய்க்குத்தான் வரும் என்பதும் தப்பு. இளம் வயதில்தான் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள் என்பதால் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பெரும்பாலோரின் அம்மாக்கள் சின்னப் பெண்கள்தான். நம் கிளியூர்ப் பிள்ளையின் அம்மாவுக்கு அப்போது 24 வயது.

பெண் குழந்தை பிறந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? எக்ஸ், ஒய் பாடத்தைப் படித்தீர்களே. அம்மாவிடம் எக்ஸ் மட்டும்தான் உண்டு. எக்ஸா ஒய்யா என்று தீர்மானிப்பது அப்பாவின் அணு. இது எட்டாவது படித்த பிள்ளைக்குக்கூடப் புரிகிற விஷயம். அப்படியிருந்தும் நம் சேலம் மாவட்டத்தின் பேர் பெண் சிசுக் கொலையால் ஊரெல்லாம் நாறியது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதே நம் சேலத்தில்தான். ஆஸ்பத்திரி வாசலில் தொட்டில் கட்டி, "கொல்லாதே, இங்கே போடு" என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டிய நிலைமை. அந்த வருடங்களில் பிள்ளை சேர்க்கைக்கு நாங்கள் வீடு வீடாகப் போவோம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எக்ஸ் ஒய் பற்றி அவனிடம் சொன்னேன். "அதெல்லாம் புஸ்தகத்துல டீச்சர்" என்றான்.

பிள்ளையே இல்லை என்றால்? அதற்கும் அவள்தான் கோவில் கோவிலாகச் சுற்ற வேண்டும். ஆண்களில் 500 முதல் 1000 பேருக்கு ஒருவர் எக்ஸ் எக்ஸ் ஒய் என்று 47 குரோமோசோமோடு பிறக்கிறார். கிளைன்ஃபெல்டர் என்று பெயர். உயரமாக, சாதாரணமாக இருப்பார்கள், பலருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. பிள்ளை இல்லாத காரணத்தைத் தேடும்போதுதான் தெரியவரும். அதுவும் ஆண் டெஸ்டுக்கு ஒத்துக்கொண்டால். எத்தனை வீடுகளில் பெண்ணுக்கு ஐந்து வருடம் ஊசியும் மாத்திரையும் போட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு டெஸ்ட்கூட எடுக்காமல் இரண்டாம் கல்யாணம் பேசியிருக்கிறீர்கள்! அந்த மாப்பிள்ளை மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவரும் கேட்டு வாங்கி வந்ததில்லை. ஒரு எக்ஸ் மட்டும் இருந்து 45-ஆகப் பிறக்கிற பெண்களும் உண்டு, டர்னர் என்பார்கள். குட்டையாக இருப்பாள், பெரியவளாக மாட்டாள். அவளுக்கு நம் ஊரில் வைக்கிற பட்டப்பெயரை இங்கே எழுத என் கை வரவில்லை.

சாந்தியை ஞாபகம் இருக்கிறதா? 2006 டிசம்பர், தோகா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள், வெள்ளி வாங்கினாள். வகுப்பில் பேப்பரைக் காட்டிப் பிள்ளைகளைக் கைதட்ட வைத்தேன். சில நாளில் பால் பரிசோதனையில் தவறிவிட்டாள் என்று செய்தி. பதக்கம் போயிற்று. அந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் அவள் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டிய விஷயம், டி.வி.யில் ஓட வேண்டிய விஷயமா? தமிழ்நாட்டு அரசு கொடுத்த 15 லட்சத்தை அவளிடமிருந்து பிடுங்கவில்லை, அந்த மட்டும் நல்லது. ஆனால் 2012-ல் அதே பெண் செங்கல் சூளையில் கூலிக்குக் கல் சுமக்கிறாள் என்று பேப்பரில் படித்தோம். பிறகு பயிற்சியாளர் படிப்பு படித்து, அரசாங்க வேலையில் பிள்ளைகளை ஓடச் சொல்லிக் கொடுத்தாள்.

எக்ஸ் ஒய் குரோமோசோமோடு, ஆனால் உடம்பு ஆண் ஹார்மோனை ஏற்றுக்கொள்ளாததால், பிறப்பிலிருந்து பெண்ணாகவே வளர்கிறவர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீன்யோ 1985-ல் ஜப்பானில் அப்படித்தான் டெஸ்டில் நிறுத்தப்பட்டார், மூன்று வருடம் போராடி 1988-ல் உரிமையைத் திரும்ப வாங்கினார். ஒலிம்பிக்கில் 1968 முதல் எல்லாப் பெண்களுக்கும் நடத்திய குரோமோசோம் பரிசோதனையை, இது சரிப்படாது என்று 1999-ல் அவர்களே கைவிட்டார்கள். இப்போது 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு மறுபடியும் மரபணு பரிசோதனை கொண்டுவந்திருக்கிறது. போட்டிக்கு என்ன விதி வேண்டும் என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒன்று தெரிகிறது. அங்கேயும் டெஸ்ட் பெண்களுக்குத்தான்.

என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு வாய் இருக்காது.

1988. மலையில் ஒரு பள்ளியில் வேலை. ஒரு அம்மா காலையில் காட்டுவழியாக நடந்து ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பயிற்சி படிக்கும்போது மனோதத்துவ நோட்ஸில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு இனத்தின் பெயரை வைத்து எழுதியிருந்தோம். மங்கோலியா நாடே எதிர்த்து, உலக சுகாதார அமைப்பு 1965-ல் கைவிட்ட பெயர் அது. நாங்கள் பதினைந்து வருடம் கழித்தும் அதையே எழுதிப் பாஸ் ஆனோம். அந்த நோட்ஸை மனதில் வைத்துக்கொண்டு, "இவனுக்கு இங்க முடியாதும்மா, ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு, கீழ கூட்டிட்டுப் போ" என்றேன். கீழே என்றால் சேலம். அவளிடம் பஸ்ஸுக்குக் காசு இருந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பையன் என் மேஜையில் இருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டான். அதை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு சாக்பீஸ். பிறகு அவர்கள் வரவில்லை. நான் அந்த ஊருக்குப் போயும் பார்க்கவில்லை, அடுத்த வருடம் எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

அதனால்தான் இந்தக் கிளியூர்ப் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அவன் அம்மா வந்தபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க எட்டு வயதாயிற்று. கணக்கு நூறு வரை. சண்டை வந்தால் விலக்கிவிடுவான், சில சமயம் அவனே சண்டைக்குக் காரணமாகவும் இருப்பான், தெய்வக் குழந்தை என்று சொல்லி அவனைச் சாமியாக்கிவிடாதீர்கள். பிடிவாதம் அதிகம். அவனுக்கு இருதயத்தில் ஓட்டை இருந்தது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இருக்கும். காப்பீட்டு அட்டையில் சென்னையில் ஆபரேஷன் செய்து மூடினார்கள். வெளிநாடுகளில் ஒரு காலத்தில் இவர்களின் சராசரி ஆயுள் இருபத்தைந்து வருடம். இப்போது அறுபது வரை வாழ்கிறார்கள். குரோமோசோம் மாறவில்லை, 47 அப்படியேதான் இருக்கிறது. இருதய ஆபரேஷனும் தைராய்டு மாத்திரையும், விடுதியில் போட்டுப் பூட்டாமல் வீட்டில் வளர்த்ததும்தான் மாற்றம். அவனுக்கு இப்போது சீசனில் மிளகு பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. கல்லும் காம்பும் அவன் கண்ணுக்குத் தப்பாது, என் கண்ணுக்குத் தப்பும்.

டவுன் என்கிற பேர் 1866-ல் இந்தப் பிள்ளைகளைப் பற்றி முதலில் எழுதிய ஆங்கிலேய டாக்டர் ஜான் லாங்டன் டவுன் பேர். அவர் இறந்து சில வருடம் கழித்து, 1905-ல் அவருடைய சொந்தப் பேரனே அப்படிப் பிறந்தான். டாக்டர் வீட்டிலும் பிறப்பான், டீச்சர் வீட்டிலும் பிறப்பான், சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னவர் வீட்டிலும் பிறக்கலாம். பிறந்தால் அன்றைக்கு நான் முதல் ஆளாக வந்து நிற்பேன், கொழுந்தனாரே, அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற அரசாங்க மருத்துவக் குழு 2013-லிருந்து பிறவிக் கோளாறுகளைப் பார்க்கிறது, டவுன் சிண்ட்ரோமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2016-ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அறிவுசார் குறைபாடு மட்டுமல்ல, தலசீமியாவும் அரிவாள் செல்லும்கூடச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அடையாள அட்டை வாங்குங்கள். உதவித்தொகை கேளுங்கள். பக்கத்துப் பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்று யாராவது ஒரு டீச்சர் சொன்னால், 1988-ல் நான் சொன்ன மாதிரி, என்னைக் கூப்பிடுங்கள். நானே வருகிறேன்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துவிட்டது. வராமல் இருக்கப் போகிறேன் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வருவேன். மருமகளாக வரப்போகிற அந்தப் பெண் எனக்கும் பேத்தி முறைதான், அவள் மேல் எனக்கு என்ன? கல்யாணத்துக்கு முன் இரண்டு பேருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை எடுக்கச் செலவு நான் தருகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மொய்யும் எழுதுவேன்.

என்னோடு கிளியூரிலிருந்து அந்தப் பையனும் வருவான். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன், புதுச்சட்டை எடுத்தாயிற்று. முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்காருவான். பரிமாறுகிறவர்கள் அவன் இலைக்கும் சேர்த்து வையுங்கள். அவனுக்குப் பாயசம் இரண்டு தடவை வேண்டும்.

கமெண்டில் யார் வேண்டுமானாலும் என்னைத் திட்டலாம். அந்தக் குடும்பத்தின் பேரை மட்டும் யாரும் எழுதாதீர்கள், எழுதினால் அழித்துவிடுவேன்.